ஸ்ரீகோசம் காத்தல்: சென்னைப் பல்கலைக்கழக நூலகமும் நம் வ்யாக்யானச் சுவடிகளும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் பெரியோர் சுவடியை வெறும் சுவடி என்று வழங்கியதில்லை. ஸ்ரீகோசம் என்றே வழங்கினர். எம்பெருமானுக்குத் திருமேனியும் ஆழ்வாருக்குத் திருவடிநிலையும் போல, ஆசார்யர்களின் திருவாக்குக்கு ஓலையே திருமேனியாக நின்றமையால் அதனைப் பேணுதலும் கைங்கர்யமாகவே கொள்ளப்பட்டது. இக்கைங்கர்யம் கடந்த இரு நூற்றாண்டுகளில் மடங்களிலும் திருமாளிகைகளிலும் மட்டுமன்றி, அரசினரும் பல்கலைக்கழகத்தாரும் அமைத்த நூலகங்களிலும் நிகழ்ந்து வந்துள்ளது. அவற்றுள் நம் ஸம்ப்ரதாயத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையது, சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைச் சூழ்ந்து வளர்ந்த சுவடித்தொகுதியும் அங்கே உருவான அட்டவணைகளுமாம். அதன் வரலாற்றைக் கூறி, அங்கே காக்கப்பெற்றது எது, இன்னும் காக்கப்பெறாதது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஓலையும் திருவாயும்

நூல் காத்தல் பற்றிய ஐதிஹ்யங்கள் நம் குருபரம்பரை நூல்களில் பல உண்டு. அவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலப்படும்.

ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்யத் திருவுள்ளம் பற்றிய எம்பெருமானார், போதாயந வ்ருத்தியைக் காணும்பொருட்டுக் காச்மீரத்துச் சாரதாபீடத்துக்கு எழுந்தருளினார் என்பது முதலாவது. கிடைத்த சுவடி வழியில் திரும்பப் பறிக்கப்பட, அதற்குள் இரவுதோறும் அதனை வாசித்து முழுதும் உள்ளத்தில் கொண்டிருந்த கூரத்தாழ்வான் அக்குறையைத் தீர்த்தார். நஞ்ஜீயர் ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்கும்படி நம்பூர் வரதராஜரிடம் அளித்ததும், காவிரியைக் கடக்கையில் ஓலைகள் வெள்ளத்தில் போனதும், அவர் அதனை நினைவிலிருந்தே எழுதிச் சமர்ப்பித்து நம்பிள்ளை என்று திருநாமம் பெற்றதும் இரண்டாவது. வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதிவைத்த ஈட்டை, நியமனமின்றி எழுதியது என்று நம்பிள்ளை வாங்கிக் கட்டிவைத்ததும், பின்னர் அது ஈயுண்ணி மாதவப்பெருமாளுக்கு அருளப்பெற்று ஓராண்வழியாகத் திருவாய்மொழிப்பிள்ளையளவும் வந்து மணவாளமாமுனிகளைச் சேர்ந்ததும் மூன்றாவது. திருவரங்கம் துருக்கர் படையெடுப்பால் கலங்கிய காலத்தில் வேதாந்ததேசிகன் ச்ருதப்ரகாசிகையையும் அதனை அருளிய ஸுதர்சநஸூரியின் குமாரர்களையும் காத்துக் கன்னட நாட்டுச் சத்யாகாலத்துக்கு எழுந்தருளியது நான்காவது.

இந்நான்கனுள் முதலிரண்டில் ஓலை போயிற்று. கேட்டும் வாசித்தும் தரித்தவர் இருந்தமையால் நூல் நின்றது. மூன்றாவதில் ஓலை இருந்தும் பூட்டிக் கிடந்தது. அதற்கு உரிய அதிகாரி கையில் சேர்ந்தபோதே அது உலகுக்குப் பயன்பட்டது. நான்காவதில் ஓலையும் அதன் ஸம்ப்ரதாயத்துக்கு உரியவர்களும் சேர்ந்தே காக்கப்பட்டனர். ஆக ஓலை ஒன்று, அதனை அறிந்து சொல்லும் திருவாய் ஒன்று என இரண்டும் கூடியதே நூலின் முழுமை என்று நம் முன்னோர் கருதினர் என்பது தேறும்.

இரண்டில் ஒன்று முற்றும் இல்லையானால் நேர்வது என்ன என்பதற்கும் நம்மிடம் சான்றுண்டு. நாதமுனிகளின் ந்யாயதத்த்வம் பிற்காலத்தார் எடுத்தாண்ட பகுதிகளால் மட்டுமே இன்று அறியப்படுகிறது. ஆளவந்தார் ஆகமப்ராமாண்யத்தில் குறிப்பிடும் காச்மீராகமப்ராமாண்யம் கிடைக்கவில்லை. அவருடைய ஆத்மஸித்தி, ஈச்வரஸித்தி, ஸம்வித்ஸித்தி ஆகிய மூன்றும் குறைப்பட்ட வடிவிலேயே நம்மை வந்தடைந்தன. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி செல்லுக்கு இரையாயிற்று என்பர். மாமுனிகள் இழந்த பகுதிக்கு மட்டும் வ்யாக்யானம் அருளி, எஞ்சிய ஓலை எங்கே தொடங்குகிறதோ அங்கே தம் எழுத்தாணியை நிறுத்தினார். முன்னோர் திருவாக்கில் கிடைத்தது ஒரு வரியாயினும் அதன்மேல் தாம் எழுதலாகாது என்ற இந்த அடக்கம், சுவடி ஆய்வாளர் அனைவர்க்கும் இலக்கணமாகத் தக்கது.

2. சென்னையில் சுவடிகள் சேர்ந்த வரலாறு

சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் தொடக்கத்தை ஆராய்வார் மூவரைக் குறிப்பிடுவர்.

முதல்வர் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்து 1783-இல் சென்னைக்கு வந்த இவர், 1799-க்குப் பின் மைசூர் நாட்டை அளந்தவர். 1815-இல் இந்தியாவின் முதல் நில அளவைத் தலைவரானார். நிலத்தை அளந்த இவர் ஊர்தோறும் கல்வெட்டுப் படிகளையும் தலவரலாறுகளையும் கைபீதுகளையும் ஓலைச்சுவடிகளையும் திரட்டினார். இவர்க்குக் கண்ணும் செவியுமாக இருந்தவர்கள் காவலி வேங்கட போரய்யா, லக்ஷ்மய்யா, ராமஸ்வாமி என்னும் உடன்பிறந்தார் மூவர். கோயிலொழுகு, ஸ்தலமாஹாத்ம்யம் என்று நாம் வழங்கும் வகை நூல்கள் அக்காலத்து ஐரோப்பியர் பலர்க்குக் கட்டுக்கதையாகத் தோன்றியிருக்க, அவற்றையும் வரலாற்றுக்கு மூலமாகக் கொள்ளலாம் என்று கருதித் திரட்டியது இக்குழுவின் பெருமை. மெக்கன்சி 1821-இல் கல்கத்தாவுக்கு அருகே காலமானார். அவர் மனைவியிடமிருந்து கும்பினியார் இத்தொகுதியை ஒரு லக்ஷம் ரூபாய்க்கு வாங்கினர். ஹோரேஸ் ஹேமன் வில்ஸன் இதற்கு ஓர் அட்டவணை அமைத்து 1828-இல் வெளியிட்டார். தொகுதியில் ஒரு பகுதி லண்டனுக்குச் சென்றது. தென்மொழிச் சுவடிகள் 1828-இல் சென்னைக்குத் திரும்பின.

இரண்டாமவர் ஜான் லெய்டன். பன்மொழி அறிந்த மருத்துவரான இவர் 1811-இல் ஜாவாவில் மாண்டார். இவருடைய சுவடிகள் லண்டனுக்குச் சென்று, கும்பினி மாளிகையில் கேட்பாரற்றுக் கிடந்தன. மூன்றாமவராகிய சார்லஸ் பிலிப் பிரவுன், தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டு செய்தவர், 1837-இல் அவற்றை அங்கே கண்டு, சென்னைக்கு அனுப்பும்படி செய்தார்; தாம் திரட்டிய சுவடிகளையும் சென்னைக்கே அளித்தார். கடல் கடந்து சென்ற ஓலைகள் மீண்டும் கடல் கடந்து வந்தமை அக்காலத்தில் அரிய நிகழ்ச்சியே.

இம்மூன்று தொகுதிகளுக்கும் வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியார் மூன்று பாகங்களாக ஒரு விளக்க அட்டவணை எழுதி 1857 முதல் 1862 வரை வெளியிட்டார். ஸ்ரீவைஷ்ணவ நூல்களைப் பற்றிய அவர் கருத்துரைகள் அவருடைய சமயச் சார்பால் கறைபட்டவை. அவற்றைக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எந்தச் சுவடி எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அவ்வட்டவணை சான்றாக நிற்கிறது.

பின்னர்த் தொகுதி பிரசிடென்சி கல்லூரியின் வடமொழிப் பேராசிரியர் பொறுப்பில் வந்தது. 1872 முதல் அப்பதவியில் இருந்த குஸ்டாவ் ஓப்பர்ட் செய்த ஒரு காரியம் நமக்கு மிகப் பயன்படுவது. அவர் தென்னாட்டில் தனியார் வீடுகளிலும் மடங்களிலும் இருந்த வடமொழிச் சுவடிகளின் பெயர்ப்பட்டியலைத் திரட்டி 1880-இலும் 1885-இலும் இரு பாகங்களாக அச்சிட்டார். ஊரும் உடையவர் பெயரும் குறித்து, அவரவர் வீட்டில் இருந்த நூல்களை வரிசைப்படுத்துவது அப்பட்டியல். பிறர் எழுதித் தந்ததை நம்பித் தொகுத்தமையால் பிழைகள் மலிந்தது. நூலாசிரியர் பெயர் மாறியும் ஒரே நூல் இருமுறை வந்தும் இருக்கக் காணலாம். ஆயினும் அக்ரஹாரங்கள் கலைவதற்கு முன் எந்தெந்த நூல்கள் திருமாளிகைகளில் இருந்தன என்பதற்கு இதைப் போன்ற ஆவணம் வேறில்லை. இன்று அப்பட்டியலில் பெயராக மட்டும் நிற்கும் நூல்கள் உண்டு. அச்சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்டனவோ, அடுப்பில் வீழ்ந்தனவோ, இன்னும் ஏதேனும் பரண்மேல் இருக்கின்றனவோ, தேடினாலன்றித் தெரியாது.

3. ரங்காசார்யரும் விளக்க அட்டவணைகளும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நூலகத்தின் பொறுப்பை ஏற்றவர் மா. ரங்காசார்யர். பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியரான இவர், மா. பா. வரதராஜ ஐயங்காரோடு சேர்ந்து ஸ்ரீபாஷ்யத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1899-இல் முதற்பாகம் வெளியிட்டவர். ஸம்ப்ரதாய ஞானமும் புதிய ஆய்வு முறையும் ஒருவரிடத்தே கூடியதன் பயனை இவர் காலத்து அட்டவணைகளில் காணலாம்.

விளக்க அட்டவணை என்பது பெயர்ப்பட்டியல் அன்று. ஒவ்வொரு சுவடிக்கும் அது ஓலையோ காகிதமோ, நீள அகலம் என்ன, ஏடுகள் எத்தனை, பக்கத்துக்கு எத்தனை வரி, எழுத்து க்ரந்தமோ தெலுங்கோ, முழுமையோ குறையோ, நிலை எப்படி என்று முதலில் குறிக்கப்படும். அடுத்து நூலின் தொடக்கமும் முடிவும் மூலத்திலுள்ளவாறே எடுத்தெழுதப்படும். இறுதியில் எழுதியவர் குறிப்பு இருப்பின் அதுவும் தரப்படும். இவற்றைக் கொண்டு, நூலகத்துக்குச் செல்லாமலே ஒரு சுவடியை அடையாளம் காணலாம். நூற்பெயர் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தாலும் தொடக்கத்தைக் கண்டு திருத்தலாம். வடமொழிச் சுவடிகளின் அட்டவணையில் விசிஷ்டாத்வைத வேதாந்தம் தனித்தலைப்பாக அமைந்தது. தமிழ்ச்சுவடிகளின் விளக்க அட்டவணை 1912-இல் தொடங்கியது.

சுவடியிலிருந்து அச்சுநூல் உருவாகும் வழியையும் ரங்காசார்யர் செய்து காட்டினார். மஹாவீரர் என்னும் ஜைந ஆசார்யரின் கணிதஸாரஸங்க்ரஹத்தை இந்நூலகச் சுவடிகளையும் பிற இடங்களிலிருந்து வருவித்த படிகளையும் ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-இல் பதிப்பித்தார். 9-ஆம் நூற்றாண்டில் கணிதம் இருந்த நிலையை உலகத்தார் அறிய அப்பதிப்பே காரணமாயிற்று. ஸ்ரீபாஷ்யத்தில் ஊன்றிய ஒருவர் புறச்சமயத்தார் நூலுக்கும் இத்துணை உழைத்தமை, நூல் காத்தலில் பக்ஷபாதம் ஆகாது என்பதற்குச் சான்றாகும்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற மஹாமஹோபாத்யாய ச. குப்புஸ்வாமி சாஸ்திரியார் காலத்தில் பண்டிதர்கள் ஊரூராகச் சென்று சுவடிகளைத் தேடினர். உடையவர் தர இசைந்தால் சுவடியையே பெற்றனர், இசையாவிடின் படியெடுத்தனர். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிதாகச் சேர்ந்தவற்றுக்கு அட்டவணை வெளியிடப்பட்டது. இன்று அத்தொகுதியில் 70,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் உள்ளன.

4. பல்கலைக்கழகத்தின் பங்கு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பெற்றது. அதன் நூலகம் 1907-இல் தொடங்கப்பட்டது. 1924-இல் அதன் முதல் நூலகராக நியமனம் பெற்றவர் சீர்காழி இரா. அரங்கநாதன். நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே உள்ளன என்பதை 1931-இல் தாம் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவதாக வைத்தவர் இவர். பழைய மேனாட்டு நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வழக்கத்தை எடுத்துக்காட்டி, அந்நிலை மாறவேண்டும் என்று வற்புறுத்தினார். நம்பிள்ளை கட்டிவைத்த ஈட்டின் வரலாற்றை அறிந்த நமக்கு இக்கருத்து புதிதன்று. ஆயினும் அதிகாரி பேதம் பாராமல் எல்லார்க்கும் நூலைத் திறந்துவைத்த இடத்தில் இரு முறைகளும் வேறுபடுகின்றன.

சேப்பாக்கத்துக் கடற்கரையில் நூலகக் கட்டடம் 1936-இல் திறக்கப்பட்டது. 1930-களின் இறுதியில் அரசினர் சுவடி நூலகமும் அக்கட்டடத்துக்கு வந்தது. நிர்வாகத்தால் இரண்டும் வெவ்வேறானவை. எனினும் ஓலைச்சுவடியும் அச்சுநூலும் ஆராய்ச்சித் துறைகளும் ஒரே வளாகத்தில் கூடியதால் ஆராய்வார்க்குப் பெருவாய்ப்பு விளைந்தது. இரண்டாம் உலகப்போரில் சென்னைக்கு அச்சம் நேர்ந்தபோது, 1942-இல் சுவடிகள் திருப்பதிக்கு அனுப்பப்பட்டன. அமைதி வந்தபின் திரும்பின. படையெடுப்புக் காலத்தில் திருவரங்கத்தை விட்டு எழுந்தருளிய நம்பெருமாள் திருமலையில் எழுந்தருளியிருந்து 1371-இல் திருவரங்கம் திரும்பியதை நினைவார்க்கு, ஸ்ரீகோசங்களும் அத்திருவேங்கடத்தின் அடிவாரத்தையே சரணமாகப் பற்றிய இச்செய்தி உள்ளத்தை உருக்கும். பிற்காலத்தில் சுவடி நூலகம் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டது.

பல்கலைக்கழகம் செய்த பணிகளுள் நம் வ்யாக்யானங்களோடு தொடர்புடையன மூன்று.

ஒன்று தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் அநுபந்தமாகவும் வெளிவந்த அவ்வகராதி, சங்கநூல்களைப் போலவே ஈட்டையும் சொற்பொருளுக்கு மேற்கோளாகக் கொண்டது. மணிப்ரவாளம் கலப்புநடை என்று பலர் புறக்கணித்த காலத்தில், அதிலுள்ள தமிழ்வழக்குகள் அகராதியில் இடம்பெற்றன. பூர்வர்கள் நிர்வாஹங்களில் மட்டும் வழங்கும் பல சொற்களுக்கு அப்பேரகராதியே பொதுமக்களுக்கு எட்டும் ஒரே துணை.

மற்றொன்று பு. ரா. புருஷோத்தம நாயுடு செய்த ஈட்டின் தமிழாக்கம். பல்கலைக்கழகம் 1950-களில் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக இதனை வெளியிட்டது. மணிப்ரவாளத்தில் பழகாத தமிழறிஞர் பலர் நம்பிள்ளையின் திருவாக்கை முதலில் அறிந்தது இந்நூலின் வழியாகவே.

மூன்றாவது, பெருமுயற்சியாகிய புதிய பேரட்டவணை. ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஆஃப்ரெக்ட் 1891 முதல் 1903 வரை, அச்சில் வந்த எல்லாச் சுவடி அட்டவணைகளையும் ஒன்றாக்கி, நூலாசிரியர் பெயரும் நூற்பெயரும் அகரவரிசையில் அமைய, அட்டவணைகளின் அட்டவணை ஒன்றை மூன்று பாகங்களாக வெளியிட்டிருந்தார். அதனைப் புதுக்கும் பணியைச் சென்னைப் பல்கலைக்கழக வடமொழித்துறை 1935-இல் ஏற்றது. குப்புஸ்வாமி சாஸ்திரியார் தொடங்கி வைத்தார். வே. ராகவன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே அளித்து, ஐரோப்பிய நூலகங்களுக்கும் சென்று சுவடிகளைத் தேடினார். முதல் தொகுதி 1949-இல் வெளிவந்தது. இதன் சிறப்பு, சுவடி கிடைத்த நூலோடு, சுவடி இல்லாமல் பிறர் எடுத்தாண்டதால் மட்டுமே அறியப்படும் நூலும் தனக்குரிய இடத்தைப் பெறுவது. இழந்த நூலுக்கும் ஓர் ஆசனம் இட்டு வைப்பது போன்றது இது. எங்கேனும் ஒரு குறையேடு பெயரின்றிக் கிடைத்தால், அதனை அவ்வாசனத்தில் அமர்த்திப் பார்க்க வழி உண்டாகிறது.

5. மணிப்ரவாளத்தின் இடர்ப்பாடு

இவ்வளவும் நன்றியோடு நினைக்கத்தக்கவை. ஆயினும் நம் வ்யாக்யானங்கள் இவ்வமைப்புகளில் முழுமையாக அடங்கவில்லை என்பதையும் கூறியாக வேண்டும்.

புதிய பேரட்டவணை வடமொழி நூல்களுக்கே உரியது. ச்ருதப்ரகாசிகைக்கு எந்த நூலகத்தில் எத்தனை படிகள் உள்ளன என்பதை அதைக்கொண்டு அறியலாம். இருபத்து நாலாயிரப்படிக்கோ ஆசார்யஹ்ருதய வ்யாக்யானத்துக்கோ அதற்கொப்பான பேரட்டவணை இல்லை. மணிப்ரவாள நூலை வடமொழி என்று வைப்பதா, தமிழ் என்று வைப்பதா என்ற ஐயம் அட்டவணையிடுவார்க்கு இயல்பாக எழும். ஆகவே தேடுபவர் இரு வரிசைகளையும் பார்த்தல் வேண்டும். வடமொழியாளர் இதைத் தமிழ் என்றும், தமிழாளர் இதை வடமொழி என்றும் விட்டமையால், உபயவேதாந்தத்துக்கு உயிர்நிலையான மொழி இரண்டு வீட்டுக்கும் விருந்தாளியாகவே நின்றுவிட்டது.

இன்னோர் இடர்ப்பாடு ஓலையெழுத்தின் இயல்பைப் பற்றியது. பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. ஆகவே பெறு என்னும் வினையும் பேறு என்னும் பெயரும் ஓலையில் ஒன்றுபோலவே இருக்கும். பெறுவது எது, பேறு எது, பேற்றுக்கு உபாயம் எது என்பதையே விசாரிக்கும் ரஹஸ்யக்ரந்தங்களில் இவ்வேறுபாடு சிறியதன்று. அதை ஓலை சொல்லாது. ஆசார்யன் திருவடியில் காலக்ஷேபம் கேட்டவன் செவியே சொல்லும். மேலும் வ்யாக்யானங்களில் மூலச்சொல் ஒன்றை முதற்குறிப்பாக இட்டுப் பொருள் உரைப்பது வழக்கமாதலால், ஒரே சொல் இருமுறை வரும் இடத்தில் எழுதுவோன் கண் முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவி, இடையிலுள்ள பகுதி விடுபடுவதும் உண்டு. பொருள் தொடர்ச்சி அறிந்தவனே அவ்விடுபாட்டைக் கண்டுபிடிப்பான்.

எழுதியவர் குறிப்பில் ஆண்டு இருந்தாலும் அது பெரும்பாலும் அறுபதாண்டுச் சுழற்சியின் பெயராக மட்டுமே இருக்கும். பிரபவ வருஷம் என்று இருந்தால் அது 1867-ஓ, அதற்கு அறுபது ஆண்டு முற்பட்டதோ, அதற்கும் முற்பட்டதோ என்பதை நாள், கிழமை, நக்ஷத்ரம் கொண்டும் எழுத்தமைதி கொண்டும் துணிய வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஓலை நெடுங்காலம் நில்லாது. ஆசார்யர்கள் காலத்து மூல ஓலைகளை நூலகத்தில் எதிர்பார்த்தல் இயலாது. நாம் காண்பவை படியின் படிக்குப் படியாக வந்தவையே. ஆதலால் ஒரு படியை மட்டும் நம்பாமல் பல படிகளை ஒப்பிடுவது இன்றியமையாதது.

இங்கே நம் முன்னோர் வைத்த ஒரு கருவியை மறத்தலாகாது. ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்து நாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று திருவாய்மொழி வ்யாக்யானங்களுக்கு அளவாலேயே பெயர் அமைந்தது. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி, அதாவது ஒரு க்ரந்தம். ஆறாயிரப்படி ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் அளவு, ஒன்பதினாயிரப்படி ஸ்ரீபாஷ்யத்தின் அளவு, இருபத்து நாலாயிரப்படி ஸ்ரீராமாயணத்தின் அளவு, முப்பத்தாறாயிரப்படி ச்ருதப்ரகாசிகையின் அளவு என்று பெரியோர் பணிப்பர். இப்பெயர்கள் நூலின் கௌரவத்தைச் சொல்வதோடு, அதன் முழுமைக்கும் அளவுகோலாகின்றன. விளக்க அட்டவணை தரும் ஏட்டுத்தொகையையும் வரித்தொகையையும் கொண்டு ஒரு படியின் அளவை ஏறக்குறையக் கணக்கிட்டு, இப்பெயரோடு ஒப்பிட்டால், எங்கே பெருங்குறை உள்ளது என்பது ஓலையைப் பிரிப்பதற்கு முன்பே தெரியவரும்.

6. எஞ்சிய கைங்கர்யம்

19-ஆம் நூற்றாண்டில் அச்சுக்கூடங்கள் பெருகியபோது நம் ஸம்ப்ரதாய நூல்கள் பல தெலுங்கு எழுத்திலும் க்ரந்த எழுத்திலும் அச்சேறின. 1920-களில் திருவல்லிக்கேணியில் சே. கிருஷ்ணமாசார்யர் பகவத்விஷயத்தைப் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பிக்கத் தொடங்கியது அம்முயற்சிகளின் சிகரம். பழைய பதிப்பாசிரியர்கள் பெரும்பாலும் தம் திருமாளிகையிலும் அண்மையிலும் கிடைத்த படிகளைக் கொண்டு, தாம் கேட்ட காலக்ஷேபத்தின் பலத்தால் பாடத்தைத் துணிந்தனர். அவர்களிடம் திருவாய் இருந்தது. பல படிகள் இல்லை. இன்று நூலகத்தில் பல படிகள் உள்ளன. அவற்றை நாடிச் செல்லும் காலக்ஷேபாதிகாரிகள் அரியர். க்ரந்தமும் பழந்தமிழ் எழுத்தும் வாசிப்பார் குறைந்து வருகின்றனர். வாசிக்கக் கற்றவரோ பலபோது ஸம்ப்ரதாயப் பரிபாஷை அறியார். ஓலையும் திருவாயும் ஒரே நகரில் இருந்தும் ஒன்றையொன்று காணாதிருப்பது நம் காலத்துக்கே உரிய குறை.

இதனைத் தீர்க்கச் செய்யத்தக்கவை மலைபோன்றன அல்ல. ஒவ்வொரு பாடசாலையிலும் க்ரந்த எழுத்தை ஓலையிலிருந்தே வாசிக்கப் பயிற்றுதல் முதலாவது. அச்சான மணிப்ரவாள வ்யாக்யானம் ஒன்றை எடுத்து, அதன் ஒரு பத்துக்கு மட்டுமேனும் நூலகப் படிகளோடு ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்து வெளியிடுதல் இரண்டாவது. திருமாளிகைகளில் எஞ்சியுள்ள ஸ்ரீகோசங்களுக்கு, அவற்றை இடம்பெயர்க்காமலே, தொடக்கமும் முடிவும் ஏட்டுத்தொகையும் கொண்ட பட்டியல் எழுதுதல் மூன்றாவது. ஓப்பர்ட் பட்டியலில் தம் ஊர்ப்பெயரைத் தேடி, அங்கே குறித்த நூல்கள் இன்று எங்குள்ளன என்று விசாரித்தல் நான்காவது. பாடபேதம் காண்பது ஆசார்யர் திருவாக்கை ஐயுறுவதாகும் என்று சிலர் அஞ்சுவர். எழுதியவன் கைப்பிழையை விலக்குவது திருவாக்கைத் துலக்குவதேயன்றிக் குறைப்பதாகாது. எஞ்சிய ஓலை தொடங்கும் இடமறிந்து அங்கே நின்ற மாமுனிகளின் செயலே, ஏட்டில் உள்ளது எது, இல்லாதது எது என்று நுட்பமாகப் பார்ப்பதும் பக்தியின்பாற்படும் என்று நமக்குக் காட்டுகிறது.

மெக்கன்சியின் உதவியாளர்களும் பிரவுனும் ரங்காசார்யரும் குப்புஸ்வாமி சாஸ்திரியாரும் ராகவனும் தத்தம் நோக்கத்தோடு உழைத்தனர். அவர்களுள் சிலர் நம் ஸம்ப்ரதாயத்தைச் சேர்ந்தவரல்லர்; ஒரு சிலர் அதனை மதித்தவருமல்லர். ஆயினும் அவர்கள் உழைப்பால் ஓலை நின்றது. ஸுதர்சநஸூரியின் நூலையும் குமாரர்களையும் சேர்த்தே காத்த தேசிகன் வழியில் வந்த நமக்கு, நின்ற ஓலைக்கு அதனை அறிந்து வாசிப்பாரையும் உண்டாக்குவதே எஞ்சிய கைங்கர்யமாம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஆசார்யர் திருவடிகளே சரணம்.